ஒன்று, ஒன்று, பதினெட்டு

கதை எழுதுகிறவனிடம் ஜனங்கள் விசித்திரமான காரியங்களுக்கெல்லாம் யோசனை கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கச் சொல்வார்கள். குழந்தைக்கு நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் என்பார்கள். மின்சார வாரியத்துக்கு மனு எழுதித் தரச் சொல்வார்கள். இவற்றையெல்லாம் நான் சந்தோஷமாகவே செய்து வந்திருக்கிறேன். ஆனால், "தம்பி, இந்தப் பட்டடைக்கல் என்ன விலை பெறும், சொல்லுங்க" என்று எங்கள் ஊர் ஆசாரி வீட்டு அம்மா கேட்டபோது மட்டும் நான் திகைத்துப் போனேன்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆசாரி சென்ற தை மாதம் காலமாகிவிட்டார். பிள்ளை கிடையாது. பெண் திருப்பூரில் இருக்கிறாள். அந்த அம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்ணோடு போய்விடுவதாக ஏற்பாடு. துருத்தி போய்விட்டது, சம்மட்டியும் குறடும் உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது வேப்பங்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கல் ஒன்றுதான். கல் என்பது வழக்கமே தவிர, அது முழுக்க முழுக்க இரும்பு. ஒரு பக்கம் காளையின் கொம்பு மாதிரி கூர்ந்து நீண்டிருக்கும். மேல்முகம் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். வாலில் சதுரமாக ஒரு துவாரமும், வட்டமாகச் சின்னத் துவாரம் ஒன்றும் உண்டு.

"எங்க மாமனாரோட அப்பா ரயில்வே ஏலத்திலே எடுத்தாராம். நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப்பைப் பொன்மலைக்கு மாத்தினாங்களே, அப்போ" என்றார் அந்த அம்மாள்.

கதை பொருத்தமாகத்தான் இருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. திருச்சிக்கு அருகே பொன்மலையில் 1928-ல் புதிய தொழிற்சாலை ஏற்பட்டபோது அது அங்கே போய்ச் சேர்ந்தது. போகிறவர்கள் பழைய சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள் என்றால் அதை நம்புவதற்கு என்ன தடை?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காயலான் கடைக்காரர் தம் சிறிய லாரியுடன் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். கல்லைச் சுற்றி ஒரு தடவை வந்தார். கரித்துண்டால் அதன் விலாவில் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே பள்ளமாக எண்கள் தெரிந்தன.

"தராசே வேண்டாம். எடையை வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கான். நூத்துப் பதினெட்டு. பவுண்டுக் கணக்கு. கிலோவுக்கு மாத்தினா அம்பத்து நாலு. கிலோ முப்பது ரூபாய்னு வச்சுக்குங்க, ஆயிரத்து அறுநூத்து இருபது. சார், சரிதானே?"

நானும் குனிந்து பார்த்தேன். 1, 1, 18. பவுண்டைக் கிலோவாக்கி மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. "சரிதான்" என்று தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை பணத்தோடு வந்து எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததன் பலனை அன்று அந்த அம்மாளுக்கு அளித்துவிட்ட திருப்தியோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

*

இரவு தூக்கம் வரவில்லை. காரணம், அச்சுப் பிழை திருத்தித் திருத்தி எனக்கு ஏற்பட்டிருக்கும் ஒரு கெட்ட வியாதி. எங்கே புள்ளி கண்டாலும், இது ஏன் இங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியாது. அந்தக் கல்லில் முதல் ஒன்றுக்கும் இரண்டாவது ஒன்றுக்கும் நடுவே ஒரு புள்ளி இருந்தது. இரண்டாவது ஒன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இன்னொரு புள்ளி. நூற்றுப் பதினெட்டு என்று எழுத நினைத்தவன் எதற்காக நடுவில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும்?

மறுநாளிலிருந்து பட்டடைகளின் சரித்திரத்தில் இறங்கினேன். இப்படி ஒரு சரித்திரம் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாக உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் போஸ்ட்மன் என்பவர் பழைய பட்டடைகளைத் தேடித் தேடிப் பார்த்து, அவற்றைப் பற்றியே 1998-ல் ஒரு கனத்த புத்தகம் போட்டிருக்கிறார். ராஜாக்களின் நாணயங்களை ஆராய்கிற மாதிரி கொல்லர்களின் கற்களை ஆராய்ந்திருக்கிறார்.

புள்ளியின் ரகசியம் சீக்கிரமே விளங்கிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் கனமான சாமான்களை ராத்தலில் நிறுப்பதில்லை, அந்தரில் நிறுத்தார்கள். 'ஹண்ட்ரட்வெயிட்' என்ற சொல்தான் நம் வாயில் அந்தர் ஆயிற்று. யாழ்ப்பாணத்து விவசாயிகளின் பேச்சில் வெங்காயமும் புகையிலையும் அந்தர் கணக்கில்தான் வழங்கி வந்தன. பெயரில் நூறு இருக்கிறதே தவிர, இங்கிலீஷ் அந்தருக்கு நூறு ராத்தல் இல்லை, 112. பதினான்கு ராத்தல் கொண்டது ஒரு 'ஸ்டோன்'. அப்படி எட்டு ஸ்டோன் சேர்ந்தது ஓர் அந்தர். அந்தரில் கால் பங்கு 28 ராத்தல்.

இங்கிலீஷ் பட்டடைகளின் விலாவில் உள்ள மூன்று எண்களில் முதலாவது அந்தர். நடுவில் இருப்பது கால் அந்தர். கடைசியில் உள்ளது மிச்ச ராத்தல். அதனால்தான் நடு எண் மூன்றுக்கு மேல் போகாது. கடைசி எண் இருபத்தேழைத் தாண்டாது. எங்கள் ஊர்க் கல்லுக்கு வருவோம். ஓர் அந்தருக்கு 112, ஒரு காலுக்கு 28, அப்புறம் 18. ஆக மொத்தம் 158 ராத்தல்; கிலோவில் ஏறக்குறைய எழுபத்திரண்டு.

ஆசாரி வீட்டு அம்மாளுக்கு நாற்பது ராத்தல் நஷ்டம். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்!

காயலான் கடைக்காரர் மேலும் குற்றமில்லை. 1956-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு நம் தேசத்தில் கிலோ வந்தது. அந்தரும் ராத்தலும் போயின. கணக்கு மறந்துவிட்டது, எழுத்து மட்டும் இரும்பில் தங்கிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே எண்கள் அமெரிக்கக் கல்லில் இருந்தால் அவர் சொன்னதுதான் சரி. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் கல் செய்த ஹே-பட்டன் கம்பெனிக்காரர்கள் எடையை நேராக ராத்தலிலேயே பொறித்தார்கள். ஆகவே எண்ணை மட்டும் படித்தால் போதாது; யார் எழுதிய எண் என்றும் பார்க்க வேண்டும்.

*

யார் எழுதியது? மறுபடி போய், இந்தத் தடவை சாக்கட்டியால் தேய்த்துப் பார்த்தேன். மேலே 'பீட்டர் ரைட்' என்றும் 'பேட்டண்ட்' என்றும் எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன.

பீட்டர் ரைட்டின் ஊர் இங்கிலாந்தில் டட்லி. பர்மிங்ஹாமுக்கு அருகே, நிலக்கரிப் புகையால் 'கறுப்பு நாடு' என்றே பெயர் பெற்ற பிரதேசம் அது. சங்கிலியும் ஆணியும் நங்கூரமும் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய சீமை. பழைய நாளில் பட்டடையின் உடலைப் பல துண்டுகளாகச் செய்து காய்ச்சி ஒட்டுவார்கள். காலும் கொம்பும் வாலும் தனித்தனியாக வந்து இடுப்பில் சேரும். எந்த ஒட்டு எப்போது விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர் ரைட், உடலை ஒரே திண்மையான தேனிரும்பாக அடித்துச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவருடைய கற்களில் வட்டமாகப் பொறித்த முத்திரை ஒன்று உண்டு. முழுக்கத் தேனிரும்பால் ஆனது என்பதே அதன் பொருள்.

தேனிரும்பு மெத்தென்றது. அதன் மேலேயே அடித்தால் நாலு நாளில் குழி விழுந்துவிடும். ஆகவே மேல்முகத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலத்தில் எஃகுத் தகடு ஒன்றைப் போர்த்துவார்கள். உடலையும் தகட்டையும் வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பல பேர் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். பிறகு காய்ந்த முகத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரை அருவி மாதிரி கொட்டித் தோய்ச்சல் கொடுப்பார்கள். கல்லின் உயிர் அந்த அரை அங்குலத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைத் தாங்குகிற உடம்பு.

இந்த எஃகையும் இரும்பையும் ஒட்டுகிற விஷயத்தில் நம் தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமுள்ள ஒரு மனிதர் வருகிறார். ஜோஸையா மார்ஷல் ஹீத் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். நம் நாட்டு இரும்பின் மேல் அவருக்கு அசாத்தியமான மோகம் ஏற்பட்டுவிட்டது. உத்தியோகத்தைத் துறந்து, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கனியிரும்பையும் காட்டுக் கரியையும் நம்பி வைத்த ஆலை. அதில் அவர் பொருள் சேர்க்கவில்லை, இழந்தார். பிறகு எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்குப் போனார். அங்கே எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீஸ் கலந்த பொருளைச் சேர்த்தால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து, 1839-ல் உரிமை பெற்றார். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அதுவரை மூசை எஃகைத் தேனிரும்போடு ஒட்டுவது பெரும்பாடு. அவர் வழியில் செய்த எஃகு சுலபமாக ஒட்டிக்கொண்டது. இரும்பு உடலும் எஃகு முகமும் உள்ள எந்தக் கருவிக்கும் இது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஹீத்துக்கு என்ன கிடைத்தது? அவர் தம் உரிமைப் பத்திரத்தில் மாங்கனீஸ் கார்பரெட் என்ற ஒரு பொருளின் பெயரை எழுதியிருந்தார். அதைத் தனியாகச் செய்யாமல், அதற்கு வேண்டிய சரக்குகளை நேராக மூசையிலேயே போட்டால் இன்னும் மலிவாக அதே பலன் கிடைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. பத்திரத்தில் எழுதியது ஒன்று, நாங்கள் செய்வது வேறு என்று மற்றவர்கள் வாதாடினார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1851-ல் ஹீத் இறந்தார். அவர் போன பிறகும் நடந்த வழக்கின் முடிவு அவர் பக்கத்துக்குப் பாதகமாகவே ஆயிற்று. ஷெஃபீல்டு முழுவதும் அவர் வழியால் பணம் சேர்த்தது. அவருக்கு மட்டும் சேரவில்லை. ஒரு பொருளின் மதிப்பு அதை அறிந்தவனுக்கே போய்ச் சேரும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை போலும்.

*

சரி, எடை தெரிந்துவிட்டது. பிறந்த ஊர் தெரிந்துவிட்டது. மதிப்பு தெரிந்துவிட்டதா? இல்லை. எடையும் பெயரும் ஜாதகம் மாதிரி. ஆளைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேச முடியுமா?

பழைய கல்லைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். எஃகுத் தகடு எங்காவது உடலை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் மணி மாதிரி ஒலிக்கும். பிரிந்த இடம் உடைந்த பானை மாதிரி கரகரக்கும். அடுத்தது குண்டு பரீட்சை. பத்து அங்குல உயரத்திலிருந்து ஓர் எஃகுக் குண்டை முகத்தின் மேல் விட வேண்டும். ஏழெட்டு அங்குலம் திரும்பி எழுந்தால் முகத்தில் தோய்ச்சல் இருக்கிறது. பாதிக்கும் குறைவாக எழுந்தால் முகம் மெத்தென்று போய்விட்டது. வீடு தீப்பற்றி எரிந்தபோது உள்ளே அகப்பட்டுக்கொண்ட கல் பார்வைக்கு முன் போலவே இருக்கும். ஆனால் சூட்டில் தோய்ச்சல் போயிருக்கும். குண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலியை மட்டும் நம்பினாலும் மோசம்தான். அமெரிக்காவில் ஃபிஷர் என்பவர் 1847-ல் ஒரு புது முறைக்கு உரிமை பெற்றார். எஃகு முகத்தின் மேல் வார்ப்பிரும்பை ஊற்றி, வார்க்கும்போதே இரண்டையும் பிணைத்துவிடும் முறை அது. நியூஜெர்ஸியின் டிரெண்டன் நகரில் அவர்கள் செய்த கற்களில் கழுகுச் சின்னம் இருக்கும். அவற்றைத் தட்டினால் சத்தமே வராது. மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் முகம் முதல் தரம். ஒலிக்கவில்லை என்று அதை ஒதுக்குகிறவன் ஏமாந்தவன்.

பெரிய தவறு ஒன்று உண்டு. முகத்தில் பள்ளம் இருக்கிறதே என்று லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் இழைத்துச் சமமாக்குவார்கள். பளபளவென்று இருக்கும். ஆனால் இருந்த அரை அங்குல எஃகில் பாதி போயிருக்கும். பார்வைக்குப் புதிதாகிவிட்ட பழைய கல்லைவிட, பள்ளத்தோடு இருக்கிற பழைய கல்லே உத்தமம்.

வயதைக் கண்டுபிடிக்கவும் வழிகள் உண்டு. அந்தச் சின்ன வட்டத் துவாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. அது இல்லாத கல் அதற்கு முந்தியதாக இருக்கலாம். அமெரிக்கா 1890-ல் போட்ட சுங்கச் சட்டப்படி, அங்கே இறக்குமதியாகும் சாமான்களில் பிறந்த தேசத்தின் பெயர் இருக்க வேண்டும். அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல்லைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கல்லில் அந்தச் சொல் இல்லை. உடனே அதை 1890-க்கு முந்தியது என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன கல்லுக்கு; நாகப்பட்டினத்துக்கு வந்த கல்லுக்கு அல்ல. ஒரு தடவை தலையாட்டிப் பட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பேர் இப்போது பழைய கல்லைத் தேடுகிறார்களே, எப்போதுமே இப்படியா? இல்லை. டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு அமெரிக்கக் கிராமங்களில் லாடம் அடிக்க ஆளில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பழைய இரும்பு சேகரித்தபோது எத்தனையோ கற்கள் உலைக்குப் போயின. பிறகு கொல்லுவேலையைக் கலையாக மதித்துக் கற்றுக்கொள்ளும் ஒரு கூட்டம் கிளம்பிற்று. 1973-ல் கலைக் கொல்லர்களின் சங்கம் ஒன்று அங்கே ஏற்பட்டது. அன்று தொட்டு, கேட்பாரற்றுக் கிடந்த கல்லுக்கு ராத்தல் கணக்கில் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கல் மாறவில்லை; தேடுகிறவர்கள் மாறினார்கள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடையில் ஒரு பேரிங் குண்டு வாங்கிக்கொண்டு, குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன். குண்டு எட்டு அங்குலம் எழும்பியது. வால் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஆறு. நடுவில் அரை விரற்கடைப் பள்ளம். ஓரங்களில் இரண்டு மூன்று மூளிகள். நான் செய்த தவறை அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, எங்க வீட்டுக்காரரும் அதை நூத்துப் பதினெட்டுன்னுதான் சொல்வார்" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்தார். கல்லை நாலு பேராகத் தூக்கி ரைஸ் மில் தராசில் வைத்தோம். 71 கிலோ காட்டிற்று. தலைமுறை தலைமுறையாக அடி வாங்கி முக்கால் கிலோகூடக் குறையவில்லை! அவர் எண்களைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "இத்தனை வருஷமா எத்தனை கல்லை இப்படி எடுத்தேனோ!" என்றார். அவர் கையில் நஷ்டப்பட்டவர்களை நினைத்துச் சிரித்தாரா, தம் அறியாமையை நினைத்துச் சிரித்தாரா, தெரியாது. ஆனால் 71-க்குக் கணக்குப் போட்டு 2,130 ரூபாயை எடுத்து நீட்டினார்.

இதற்குள் பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளைஞன் வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற பையன். ஆசாரியிடம் கொஞ்ச நாள் சம்மட்டி பிடித்தவனாம். பீட்டர் ரைட்டை அவனுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலை எடுத்துக் கொம்பிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போனான். நான் குண்டால் ஆறு அங்குலம் என்று கண்டுபிடித்த அதே இடத்தில் நிறுத்தி, இரண்டு தடவை அதிகம் தட்டினான். அப்புறம் பள்ளத்தை உள்ளங்கையால் தடவினான்.

"பள்ளம் ஒரு குறைதானே, தம்பி?" என்று கேட்டேன்.

"வளைஞ்ச கம்பியைத் தட்டையான கல்லுலே வச்சு நிமுத்த முடியாதுங்க, சார். கொஞ்சம் பள்ளம் வேணும். இது கொழு அடிச்சே வந்த பள்ளம், பெரியவர் கை" என்றான்.

கிலோவுக்கு நூறு ரூபாய் தருவதாகச் சொன்னான். மொத்தமாகத் தர இயலாது. பாதி இப்போது, மீதி அறுப்புக்குப் பிறகு. காயலான் கடைக்காரர் தம் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்த விலை என்னாலே ஆகாதும்மா. அவனுக்கே கொடுங்க" என்றார்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். கையில் முழுப்பணம் ஒரு பக்கம்; மூன்று மடங்குக்கு மேல் விலையும், அதில் பாதிக்கு ஒரு வாக்கும் இன்னொரு பக்கம். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. பாதி என்றாலே 3,550 ரூபாய், அதுவே அவர் கொடுப்பதைவிட அதிகம் என்ற கணக்கை மட்டும் சொன்னேன். வள்ளுவர் கூடா நட்பைச் சொல்ல வந்த இடத்தில் பட்டடையைத்தான் உவமையாக எடுத்திருக்கிறார். தாங்குவது போலத் தாங்கி, அடி விழும்போது அடிக்கு உதவியாக இருக்கும் நட்பு அது. முந்தின தடவை நான் அந்த அம்மாளுக்குச் செய்தது அதற்குக் கிட்டத்தட்டத்தான் இருந்தது.

"நீயே எடுத்துக்கப்பா" என்றார் அவர், பையனைப் பார்த்து.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் உள்ளே போய்த் திருநீற்று மடலைக் கொண்டுவந்தார். கல்லின் விலாவில் மூன்று விரலால் இழுத்துப் பூசினார். என் சாக்கட்டியில் பாதியும் காயலான் கடைக்காரரின் கரியில் பாதியுமாகத் தெரிந்த எண்கள், திருநீறு பள்ளத்தில் இறங்கியதும் பளிச்சென்று எழுந்து நின்றன. நடுவில் இருந்த இரண்டு புள்ளிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டான் பையன்.

அந்தர், கால், ராத்தல் என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். அவன் பாதிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அது இருக்கட்டும் சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றான்.

பிடித்தேன். எழுபத்தோரு கிலோ என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.